முதுகுக்குப் பின்னால் என்ஜின்: வாசகர் கேள்வி பதில்

பெங்களூரில் பழைய போர்ஷே கேமன், பாக்ஸ்டர் கார்களை வாங்கி, ஏதாவது ஒன்றை மாற்றிப் போட்டு ஓட்டுபவர்களிடமிருந்து கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

என்னிடம் இருப்பது 2007 கேமன் எஸ், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்ட். முந்தைய ஓனர் ஸ்பிரிங் மாற்றி உயரத்தைக் குறைத்து, வேறு எக்ஸாஸ்ட்டும் போட்டிருக்கிறார். சில்க் போர்டு நெரிசலில் வெப்பமுள் 80ஐத் தாண்டி ஏறுகிறது. ரோடு கிடைத்து ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. சீக்கிரமே திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
எஸ்.ஆர்., அல்சூர்

இப்போதைக்கு வேண்டாம். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்று நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சுற்றுகிறது, காற்றுதான் போகவில்லை. கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது 71 டிகிரியில் திறந்தால் என்ன, 83இல் திறந்தால் என்ன, ரேடியேட்டருக்குள் காற்று நுழையாவிட்டால் சூடு எங்கே போகும்?

என்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ.சி. கண்டென்சர். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள விரலிடைச் சந்துதான் பெங்களூரின் குப்பைத்தொட்டி. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலை, மார்ச்சில் உதிரும் டபேபுயா பூ, பிளாஸ்டிக் உறை, ரோட்டுத் தூசி எல்லாம் மழையில் நனைந்து காய்ந்து அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்றுதான் தெரியும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

முதலில் செலவில்லாத சோதனை. வண்டியை ஐடிலில் விட்டு ஏ.சி.யைப் போடுங்கள். இரண்டு பக்க விசிறியும் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல், சூடு ஏறிய பிறகு திடீரென்று பேரிரைச்சலோடு முழு வேகத்தில் கிளம்பினால், குறைவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்று பொருள். இந்த வண்டிகளில் இது அடிக்கடி போகும். சின்ன பாகம்தான். ஆனால் அது இல்லாமல் நெரிசலில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் விசிறி கடைசி நேரத்தில்தான் ஓடிவரும்.

அடுத்து பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. கண்டென்சரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கேஸ் குழாயைத் தொடாமல் முன்பக்கம் மெல்லச் சாய்த்தால் சந்து திறக்கும். மென்மையான பிரஷ் வைத்த வேக்குவம் கிளீனரால் முதலில் உறிஞ்சுங்கள், பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விடுங்கள். கார் வாஷ் கடையின் பிரஷர் கன் கூடவே கூடாது. அலுமினிய இதழ்கள் மடங்கிவிட்டால் அந்த ரேடியேட்டர் அதோடு சரி. பம்பரைத் திரும்ப மாட்டும் முன் திறப்புகளில் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத வலையைக் கட்டிவிடுங்கள். இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மலிவானதும் உருப்படியானதும் இதுதான். கொசுவலைபோல் நெருக்கமான வலை வேண்டாம். அதுவே காற்றை அடைக்கும்.

இதெல்லாம் செய்தும் சூடு குறையாவிட்டால் கூலண்ட் தொட்டியின் மூடியைப் பாருங்கள். போர்ஷே அதைப் பலமுறை திருத்தியிருக்கிறது. பாக எண் 04 என்று முடிந்தால் புதியது. 00, 01 என்றால் மாற்றிவிடுங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கூலண்ட் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பின் டிக்கி கார்ப்பெட் ஈரமாக இருந்து, இனிப்பான வாடை அடித்தால் தொட்டியே விரிசல் விட்டிருக்கிறது.

வாட்டர் பம்ப் மாற்றினால் பிளாஸ்டிக் இதழ் கொண்டதையே போடுங்கள். இரும்பு இதழ் உறுதியானது என்று சொல்லி விற்பார்கள். ஆனால் பேரிங் தேய்ந்து ஆடும் நாளில் அது என்ஜின் உடம்பையே சுரண்டும். பிளாஸ்டிக் இதழ் உடையும், உண்மை. ஆகவே கழற்றிய பம்பில் இதழ்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அந்தத் துண்டு கூலண்ட் வழியில் எங்கோ கிடக்கிறது. தேடி எடுக்காமல் மூடக்கூடாது.

மொத்தக் கூலண்ட் சுமார் 20 லிட்டர். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். முன்னுக்கும் பின்னுக்கும் நீண்ட குழாய் ஓடுவதால் உள்ளே காற்று மாட்டிக்கொள்வது இந்த அமைப்பின் சாபம். வேக்குவம் வைத்து நிரப்பும் கருவி உள்ள கராஜுக்குப் போங்கள். அது கிடைக்காவிட்டால் மூடி அருகே உள்ள கம்பிக் கொக்கியை நிமிர்த்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, 2,500 ஆர்.பி.எம். அளவில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள்.

டாஷ்போர்டு முள் குத்துமதிப்பானது. வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. பிளக்கில் ஒரு ரீடர் செருகி உண்மை எண்ணைப் பாருங்கள். நெரிசலில் 100ஐ ஒட்டிப் போய், விசிறி சுற்றியதும் இறங்கினால் கவலையில்லை. 110ஐத் தொட்டால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள்.

என் பாக்ஸ்டரை 30 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன். வீட்டுத் தெரு ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது. கோணலாக ஏற்றினாலும் தட்டுகிறது. பின் டயர்களின் உள்விளிம்பும் 9,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டது.
கே.பி., கம்மனஹள்ளி

தப்பு பாதி உங்கள் வண்டியிலும் பாதி தெருவிலும் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட மேடு 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. உங்கள் வண்டியின் வீல்பேஸ் 2.4 மீட்டர். அந்த வளைவின்மேல் நான்கு சக்கரமும் நிற்கும்போது நடுவயிற்றை நோக்கி மேடு உயர்வது நாலே கால் சென்டிமீட்டர்தான். தட்டாது. ஆனால் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு முழ அகலத்தில் கொட்டிய தார்க்கட்டி 10 சென்டிமீட்டர் என்றால், முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறுவதற்கு முன்பு அந்த 10ம் அப்படியே வயிற்றுக்கு நேரே நிற்கும். கோணலாக ஏற்றினால் முன் பம்பரின் தாடை தப்பும். வயிற்றுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அங்கேதான் கூலண்ட் குழாய்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன.

20 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. இறக்கியபோது சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ்களைத் தளர்த்தி, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் மறுபடி முறுக்கினார்களா என்று கேளுங்கள். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கிழிந்த புஷ், பிரேக் போடும்போது டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, மாற்றும்.

டயர் தேய்ந்ததற்குப் பெரும்பாலும் கேம்பர்தான், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்தான், காரணம் என்பார்கள். ஆனால் டோ தவறாக இருப்பதுதான் டயரை வேகமாகத் தின்னும். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து 0.3 டிகிரி அளவில் உள்நோக்கி இருக்கட்டும். கேம்பர் மைனஸ் ஒன்றரை முதல் இரண்டுக்குள். ஸ்பிரிங் மாற்றிய பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டி, அது உட்கார்ந்த பின்பு அலைன்மென்ட் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் காசு வீண். முன், பின் டயர் அளவு வேறு என்பதால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் வழி இந்த வண்டிக்குக் கிடையாது.

வேறு வீலும் போட்டிருந்தால் ஒரு விஷயம். போர்ஷே போல்ட்டின் அடி உருண்டையானது. வெளிச்சந்தை வீல் பலவற்றில் கூம்பு வடிவக் குழி. உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும், தானாகத் தளரும். கழற்றிப் பார்த்தால் குழியில் பளபளப்பு ஒரே கோடாகத் தெரியும். வீலுக்கு உட்புறம் வைக்கும் ஸ்பேசர் தகடு 5 மில்லிமீட்டர் என்றால் போல்ட்டும் 5 மில்லிமீட்டர் நீளம் கூட வேண்டும். முறுக்கும் அளவு 130 நியூட்டன் மீட்டர், அதை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சில். பஞ்சர் கடை ஏர் கன்னில் முறுக்கவிடாதீர்கள்.

இ.சி.யூ. (என்ஜின் கணினி) ட்யூன், இன்டேக் (காற்று நுழையும் குழாய்) இரண்டும் போட்டால் 40 குதிரைத்திறன் ஏறும் என்கிறார்கள். உண்மையா?
டி.எம்., ஒயிட்ஃபீல்டு

டர்போ இல்லாத என்ஜினில் நடக்காது. கேமன் எஸ் 3.4 லிட்டர் என்ஜின் காகிதத்தில் 295 குதிரைத்திறன். பெங்களூர்க் காற்று கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு என்பதால் இங்கே உங்களுக்குக் கிடைப்பது 270 சுமார்தான். குதிரைத்திறனை அளக்கும் எந்திரமான டைனோவின் கணினி அதை ஒரு பெருக்கலால் சரிக்கட்டி அச்சடித்துத் தரும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே டைனோவில், ஒரே திருத்த முறையில் எடுத்த தாளைக் கேளுங்கள். அந்தக் காசில் நல்ல டயரும் புதிய பிரேக் ஆயிலும் வாங்கினால் ரோட்டில் அதிகம் தெரியும். பின்னால் வந்த, டர்போ உள்ள 718 கேமன், பாக்ஸ்டர் வைத்திருப்பவர்கள் கதை வேறு.

காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. ஐ.எம்.எஸ். பேரிங் போய்விட்டதா? 2007 மாடல்.
ஏ.ஜே., ஃப்ரேசர் டவுன்

ஐ.எம்.எஸ். என்பது என்ஜினுக்குள் செயின்களை ஓட்டும் இடைத்தண்டு. அதன் பேரிங்குக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. சிலிண்டர்கள் படுத்திருக்கும் என்ஜின் இது. சரிவில் நிறுத்தினால் ஒரு பக்கம் கொஞ்சம் எண்ணெய் தேங்கி, மறுநாள் ஒரு கொத்துப் புகை வரும், அது நோயல்ல. தெரு முழுக்க மூடும் அளவுக்கு வந்தால் காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஏர்-ஆயில் செபரேட்டரின் சவ்வு கிழிந்திருக்கும். என்ஜின் சூடானதும் ஐடிலில் டிக்கியில் உள்ள ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கையை உறிஞ்சி இழுத்தால், விசில் சத்தம் கேட்டால், அதுவேதான். தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டால் சிலிண்டரில் பூட்டிக்கொண்டு கனெக்டிங் ராடை வளைக்கும்.

பேரிங் பற்றி: 2006 முதல் 2008 வரை வந்தது பெரிய பேரிங். அதிகம் போவதில்லை. என்ஜினைப் பிளக்காமல் மாற்றவும் முடியாது. 2009இல் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே இல்லை. நீங்கள் செய்யக்கூடியது, 8,000 கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒருமுறை 0டபிள்யூ-40 ஆயில் மாற்றி, பழைய ஃபில்டரின் மடிப்புகளை வெட்டி விரித்து, வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் காந்தம் வைத்துப் பார்ப்பது. காந்தத்தில் ஒட்டும் மினுக்கல் கெட்ட செய்தி. பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் கைடு தேய்கிறது. ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர் போதும்.

எக்ஸாஸ்ட் சத்தத்துக்குப் போலீஸ் பிடித்தால்?
பெயர் வேண்டாம் என்கிற வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் விவரத்திலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ(4)படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. சத்தத்துக்கு 190(2) தனியாக, 10,000 வரை. பழைய சைலன்சரைப் பரணில் பத்திரமாக வைத்திருங்கள். விற்கும்போதும் அது வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லாத மாற்றம், க்ளெய்ம் நாளில் அவர்களுக்குக் கிடைக்கும் சாக்கு.

ஏலகிரி போக ஆசை. மழையில் இந்த வண்டி சுழன்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
வி.என்., இந்திரா நகர்

பாதி உண்மை. காவடியின் இரு முனையிலும் சுமை தொங்கினால் திரும்புவது மெதுவாக நடக்கும். அதே சுமையைத் தலையில் வைத்தால் சட்டென்று திரும்பலாம், ஆனால் சுழற்சி தொடங்கிவிட்டால் அதுவும் சட்டென்றுதான். என்ஜின் எடை நடுவில் இருப்பதால் கேமன் தலைச்சுமை ரகம். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் பிடியை விடும். பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேர்கோட்டில் முடித்துவிடுங்கள். வளைவுக்குள் லேசான, சீரான ஆக்ஸிலரேட்டர். பின் டயரில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே பள்ளம் இருந்தால் மழைநாளில் போகவே வேண்டாம்.

புலவர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்த 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே. விடியுமுன் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் லாரிகளுக்கு முன்பே மலையடி சேரலாம். கூலண்ட் சூடாவது சில நிமிடத்தில். ஆயில் சூடாக கால் மணி நேரம் ஆகும். அதுவரை 4,000 ஆர்.பி.எம். தாண்டாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் போகும் முன்பே மாற்றுங்கள். ஈரம் குடித்த எண்ணெய் இறக்கத்தில் கொதித்து பெடல் பஞ்சாகும்.

மேலே நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பின்னால் ஒரு விசிறி ஓடும். என்ஜின் அறைக்கென்றே உள்ளது அது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று பதற வேண்டாம். சாயந்திரம் வீடு திரும்பியதும் அந்த அறையின் கதகதப்பு எலிகளுக்கும் பிடிக்கும். பேஸ்மென்டில் வாரக்கணக்கில் நிறுத்தினால், அடுத்த முறை கிளப்பும் முன் கேமனில் பின் டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள மூடியையும், பாக்ஸ்டரில் கூரையைப் பாதி மடக்கினால் தெரியும் மூடியையும் கழற்றி, ஒயர்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.