இடுப்பிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது. இது சயாட்டிகாவா? வீட்டிலேயே சமாளிக்க முடியுமா?

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொழுந்து மூட்டையைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் சுரீரென்றது. மறுநாள் இடது புட்டத்தில் தொடங்கிய வலி தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிச் சுண்டுவிரல்வரை ஓடியது. வாய்வுப் பிடிப்பு என்றார்கள் வீட்டில். காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு பத்து நாள் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தேன். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது. இடுப்பும் சேர்ந்து இறுகிவிட்டது.

சயாட்டிகா என்பது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பில் வரும் வலி. வலிப்பது கால்தான் என்றாலும் கோளாறு முதுகில் இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே வலியோ எரிச்சலோ மரத்துப்போவதோ முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பொதுவாக ஒரு காலில்தான் வரும். இருமினாலும் தும்மினாலும் சுண்டி இழுக்கும். இடுப்போடு நின்றுவிடுகிற வலி அநேகமாகத் தசைப்பிடிப்பாக இருக்கும்.

படுக்கை ஓய்வு ஓரிரு நாள் போதும். அதன்பின் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் மட்டமான இடம் கிடைப்பதே அரிது. சரிவில் இறங்கும்போது எனக்கு வலி கூடியது. அதனால் தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால் உள்ள சமதளச் சாலையில் பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்கு நான்கு முறை நடந்தேன். அரைமணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரவில்லை. பஸ்ஸில் கடைசி இருக்கையைத் தவிர்த்தேன்; மலைப்பாதைக் குலுக்கல் முழுவதும் அங்கேதான் வந்து சேரும். இரவில் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தது பெரிய ஆறுதல்.

பிசியோதெரபி நிபுணர் சொன்ன ஒன்றை இன்றும் பிறரிடம் சொல்கிறேன். பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, பிறகு தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என மேலே ஏறினால், இடுப்பு சற்று அதிகமாக வலித்தாலும் குணமாகிறது என்று பொருள். ஒரு பயிற்சி செய்தபின் வலி கீழே இறங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். நான் தினமும் இந்த ஒரு கணக்கைத்தான் பார்த்தேன். எனக்கு ஒன்பது வாரம் ஆயிற்று. பலருக்கும் 6 முதல் 12 வாரங்களுக்குள் குறைந்துவிடும்.

குளிருக்கு இதமாக வெந்நீர்ப் பை வைக்கலாம். ஆனால் துணி சுற்றி, இடுப்பில் மட்டும் வையுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்காதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் முதுகை மிதிக்கக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள், மிதிப்பது ஆபத்து.

செருப்பு தானாகக் கழன்று விழுந்தாலோ, குதிகாலில் நிற்க முடியாமல் பாதம் தொங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ அது அவசரநிலை. ஊட்டியோ கோயம்புத்தூரோ, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அப்போதே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.