விண்டோஸில் ஐடியூன்ஸ்: கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த காவடிப் பாட்டு, பஜனை சிடிக்களைப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம். எல்லாம் டபிள்யூ.எம்.ஏ. (மைக்ரோசாஃப்டின் ஒலி வடிவம்) கோப்புகள். மகள் இப்போது ஐபோன் வாங்கித் தந்திருக்கிறாள். பாட்டைச் சேர்த்து வைத்து ஐபோனுக்கு அனுப்பும் ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸ் விண்டோஸில் ஒழுங்காக ஓடாது, ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் 900 ரேண்ட் கொடுங்கள், நானே மாற்றித் தருகிறேன் என்கிறார் மாலில் ஒரு கடைக்காரர். உண்மையா?

பதில்: பணத்தை எடுக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் கதை நேர் எதிர். டபிள்யூ.எம்.ஏ. பாட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸ் ஐடியூன்ஸில்தான் உண்டு; மேக் ஐடியூன்ஸுக்கு அது வரவே இல்லை. 2019-க்குப் பிறகு வந்த மேக்கில் ஐடியூன்ஸே கிடையாது.

ஐடியூன்ஸ் 2003-லேயே விண்டோஸுக்கு வந்துவிட்டது. மெதுவாகத்தான் திறக்கும், ஒப்புக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டரில் ஆப்பிள் மென்பொருள் என்றால் சம்பந்தி வீட்டில் தங்குவது மாதிரி, கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போடாதீர்கள். உங்கள் கோப்புகளை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். முதலில் எல்லாப் பாட்டையும் ஒரு வெளி டிரைவில் நகல் எடுங்கள். அப்புறம் பத்துப் பாட்டை மட்டும் ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐபோனில் ஓடும் ஏ.ஏ.சி. வடிவத்தில் புதிதாக ஒரு கோப்பு உருவாகும், பழைய கோப்பும் அப்படியே இருக்கும். அதை அழிக்க வேண்டாம்.

சில பாட்டு மாறாமல் அடம் பிடிக்கலாம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியை ஏற்றும்போது 'காப்பி புரொடெக்ட் மியூசிக்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் இருந்திருந்தால் பாட்டுக்குப் பூட்டு விழுந்திருக்கும். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் போனால் 'புரொடெக்டட்' என்ற வரியில் யெஸ் என்று காட்டும். நம் அப்பா காசு கொடுத்து வாங்கிய சிடிக்கு நாமே தெரியாமல் பூட்டுப் போட்டுக்கொள்ளும்படி ஒரு கட்டத்தை வைத்தவர்களை என்ன சொல்வது! அந்தப் பூட்டை ஐடியூன்ஸ் திறக்காது. 'திறந்து தருகிறோம்' என்று வரும் இலவச மென்பொருள், கோடெக் பேக் (பல ஒலி, பட வடிவங்களை ஓட்டுவதற்கான துணை மென்பொருள் மூட்டை) எதையும் தொடாதீர்கள், பாதி வைரஸோடு வருகிறது. சிடி அலமாரியில் இருக்கிறதா? ஐடியூன்ஸிலேயே மறுபடி ஏற்றுங்கள். ஒரு முறை சுருக்கிய கோப்பை மாற்றுவதைவிட ஒலியும் நன்றாக இருக்கும். பூட்டே இல்லாத பாட்டுக்கும் இது பொருந்தும்.

2024-ல் ஆப்பிள் விண்டோஸுக்கு மூன்று தனி ஆப்கள் கொடுத்தது: இசைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, போனை இணைக்க ஒன்று. ஒரே இடத்தில் இருந்ததை ஏன் பிய்த்துப் போட வேண்டும்? அவற்றை ஏற்றிவிட்டால் ஐடியூன்ஸுக்கு பாட்காஸ்டும் ஆடியோபுக்கும்தான் மிஞ்சும். ஆகவே பாட்டு மாற்றி, போனுக்கு அனுப்பி முடிக்கும்வரை அவை வேண்டாம். ஐடியூன்ஸை ஆப்பிள் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள், இரண்டிலும் இலவசம்.

போனைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் செருக விடாதீர்கள். ஐபோன் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரின் ஐடியூன்ஸ் பாட்டு நூலகத்தோடுதான் சேரும்; 'இரேஸ் அண்ட் சிங்க்' (இருப்பதை அழித்துவிட்டு இதோடு சேர்க்கவா) என்று கேட்கும்போது அவர் சரி என்று தட்டிவிட்டால், நீங்கள் ஏற்றிய பாட்டெல்லாம் போனிலிருந்து போய்விடும்.

கம்ப்யூட்டரில் ஆப்பிளின் பழைய வீடியோ பிளேயரான குவிக்டைம் கிடந்தால் அதையும் நீக்குங்கள். விண்டோஸ் குவிக்டைமை ஆப்பிள் 2016-ல் கைவிட்டது. அதிலிருந்த ஓட்டைகளைப் பார்த்து அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே நீக்கச் சொன்னது. 'ஐபோனுக்கு இதுவும் வேண்டும்' என்று யாராவது சொன்னால், வேண்டாம்.