‘ஷேப் ஒஃப் யூ’ பாடலின் வேகமும் சுருதியும்: கேள்வி பதில்

ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் 2017 ஜனவரியில் வெளியிட்ட ‘ஷேப் ஒஃப் யூ’ பாடலை மேடையில் இசைக்க முனையும் கொழும்பு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: ஐயா, இப்பாடலின் வேகத்தை ஒரு செயலி 96 என்றும் மற்றொன்று 192 என்றும் காட்டுகின்றன. எதை ஏற்பது?

96ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 96 அடி என்றால் ஓர் அடிக்கு 0.625 நொடி. செயலி ஒலியின் உச்சங்களை எண்ணுகிறதே தவிர, கால் எங்கே தட்டும் என்பதை அறியாது. அரை அடியிலும் ஒலி விழுந்தால் அதையும் முழு அடியாக எண்ணிவிடும். வீக்கெண்ட் என்ற பாடகரின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ பாடலில் இதற்கு நேர்மாறாக, 171 அடி வேகம் பாதியாகக் காட்டப்படுவதுண்டு. சந்தேகம் வந்தால் 15 நொடிக்குக் காலால் தட்டி எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். இங்கே 24 தட்டுகள் வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: நான் கர்நாடக சங்கீதம் பயின்றவன். இதன் சுருதி ஒன்றரைக் கட்டையா? இ மேஜர் என்று ஒரு மென்பொருள் கூறுகிறதே?

ஒன்றரைக் கட்டைதான் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு), மேலைநாட்டு வழக்கில் சி ஷார்ப் மைனர். அதன் ஏழு சுரங்களும் நடபைரவி இராகத்தின் சுரங்களே. நடபைரவியின் காந்தாரத்தை, அதாவது மூன்றாம் சுரத்தை, ஆதாரமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் (அதே சுரங்களை அந்தப் புதிய ஆதாரத்திலிருந்து இசைத்தால்) சங்கராபரண இராகம் பிறக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இ மேஜர் என்பது மூன்று கட்டையில் அமையும் அந்தச் சங்கராபரணம். சுரங்கள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் மென்பொருள் தடுமாறுகிறது. ஆரம்பத்தில் ஒலிக்கும், மரிம்பாவை ஒத்த வாத்திய வரி எந்தச் சுரத்தில் ஊன்றி நிற்கிறது என்று கேளுங்கள், ஐயம் தீர்ந்துவிடும். ஆனால் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அலங்காரம், சேர்த்துப் பாட வேண்டாம். பின்னணியில் அசையாது நிற்கும் கோட்களுடன் (ஒருங்கே ஒலிக்கும் சுரத் தொகுதிகளுடன்) அது மோதும்.

தெஹிவளையிலிருந்து ஒரு மாணவி: கிற்றாரில் இதன் கோட்களைப் பிடிக்க விரல் வலிக்கிறது. எளிய வழி உண்டா?

உண்டு, தங்கையே. மூலக் கோட்கள் சி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஏ, பி ஆகியன. நான்காம் கட்டத்தில் கேப்போவை (தந்திகள் அனைத்தையும் ஒன்றாக அழுத்தும் கவ்வியை) பொருத்தி ஏ மைனர், டி மைனர், எஃப், ஜி என்று வாசியுங்கள். எஃப் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடிகள் என்பதால் நான்கும் ஒரு சுற்று வருவதற்குச் சரியாக 5 நொடி ஆகும். பஞ்சமத்தில், அதாவது ஐந்தாம் சுரத்தில், எழும் கோட் இச்சுற்றில் இல்லாததால், ‘இதோ முடிந்தது’ என்ற உறுதியான இறக்கம் எங்கும் ஏற்படாமல் சுற்று தொடர்ந்து உருண்டுகொண்டே இருக்கிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: எங்கள் குழு கலியாண வீடுகளில் வாசிக்கிறது. தாளம் காட்டும் கருவியான மெற்றோனோமை 96இல் வைத்தாலும் எங்கள் கையில் இப்பாடல் இலங்கையின் நடன இசையான பைலாவாக மாறிவிடுகிறது. ஏன்?

வேகத்தில் குறையில்லை, அடியைப் பிரிக்கும் விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. பைலாவின் ஆறு-எட்டு நடையில் ஓர் அடி மூன்றாகப் பிரிகிறது, நம் ஊர்க் கைகளுக்கு அது இயல்பாகவே வந்துவிடும். இப்பாடலிலோ ஓர் அடி நான்காகப் பிரிய, இரண்டு அடிகளின் எட்டுத் துண்டுகளும் மூன்று, மூன்று, இரண்டு என்று கூடுகின்றன. அந்தக் கடைசி இரண்டை உங்கள் குழுவினர் தம்மையறியாமல் மூன்றாக இழுப்பார்களானால், பாடலின் துள்ளல் போய்ப் பைலாவின் ஊஞ்சலாட்டம் வந்துவிடும். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, ‘தகிட தகிட தக’ என்று சொல்லியபடி முதலாம், ஐந்தாம் துண்டுகளில் கை தட்டிப் பழகுங்கள். இரண்டாவது தட்டு, இரண்டாம் ‘தகிட’வின் ‘கி’யில் விழ வேண்டும். 60 அடி வேகத்தில் தொடங்கி, அது தளராமல் நின்ற பின்னரே 96க்குச் செல்லுங்கள். குழுவில் மிருதங்கம் பயின்றவர் இருந்தால் இந்தப் பயிற்சியை அவரிடமே ஒப்படைப்பது நல்லது. டிரம்ஸ் வாசிப்பவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கல்கிசையிலிருந்து ஒரு பாடகி: ஆண்குரலுக்கான இச்சுருதி எனக்குப் பொருந்தவில்லை. மாற்றினால் பாடல் கெடுமா?

கெடாது. பாடலின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் கண்டுபிடித்து, அது உங்கள் குரல் சிரமமின்றி எட்டும் இடத்துக்கு வரும்வரை அரைச் சுரம் அரைச் சுரமாக நகர்த்துங்கள். மூன்று அரைச் சுரங்கள் ஏற்றினால் மூன்று கட்டை, அதாவது இ மைனர் கிடைக்கும். அப்போது கோட்கள் இ மைனர், ஏ மைனர், சி, டி என்றாகிவிடுவதால், கிற்றார் வாசிப்பவருக்குக் கேப்போவே தேவைப்படாது.