தில்லிப் புகையும் நம் நுரையீரலும்: கேள்விக்குப் பதில்

கரோல் பாக் வாசகி: ராத்திரி ஒரு துண்டு வெல்லம் சாப்பிட்டால் நுரையீரலில் படிந்த புகை கழுவிப் போய்விடும் என்கிறார் அம்மா. உண்மையா டாக்டர்?

இல்லைம்மா. வெல்லம் போவது உணவுக்குழாய் வழியே வயிற்றுக்கு. விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். நுரையீரலைத் துப்புரவு செய்ய உடம்பிலேயே ஏற்பாடு உண்டு. மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க நுண்ணிய இழைகள், இவை ஓயாமல் மேல்நோக்கி அசைந்து, சளியில் ஒட்டிய தூசியைத் தொண்டை வரை தள்ளிக்கொண்டு வரும். சிகரெட் புகை முடக்குவது இவற்றைத்தான். பிஎம் 2.5 எனப்படும், காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசியோ தலைமுடிக் கனத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான், அதனால் இழைகளிடம் சிக்காமல் நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே இழைகளே கிடையாது.

மயூர் விஹார்: எட்டு வயதுப் பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் பழகிவிடாதா?

பழகாது. தடுப்பு இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு மருந்து, வீங்கிய மூச்சுக்குழாய்க்கே நேராகப் போகிறது. இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பட்டாசுப் புகையில் மூச்சுத் திணறி வரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஆர்.கே. புரம்: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. நுரையீரல் நன்றாக இருக்கிறதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்துமா இருப்பவருக்கும் 98 காட்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ளுங்கள்.

துவாரகா: மனைவிக்கு இன்ஹேலர் எழுதியிருக்கிறார்கள். பழகிவிடுமா?

மயூர் விஹாருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பழகாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது.

முனிர்கா: வெல்லத்துக்கு ஆய்வே இருக்கிறது டாக்டர், தெரியாமல் மறுக்காதீர்கள்.

தெரியும். 1994இல் வெளிவந்த லக்னோ ஆய்வு, எலிகளை வைத்துச் செய்தது. எலியிடம் கண்டதை வைத்துக்கொண்டு மனிதருக்கு மாஸ்க் வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. வெல்லத்தை நம்பி நவம்பரில் மாஸ்க் இல்லாமல் லோதி கார்டனில் அதிகாலை நடக்கிறார்களே, எனக்குக் கவலை அதுதான். குளிர்காலத்தில் தரையோரக் குளிர்காற்று மேலே எழும்பாமல் புகையை அப்படியே பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறிய பிறகு நடங்கள்.

சாகேத்: குறட்டை?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரோகிணி: இன்ஹேலர் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில்…

பழகாது.

கரோல் பாக் வாசகி: சரி டாக்டர், அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

சொல்லவே வேண்டாம். சர்க்கரை நோய் இல்லையென்றால் வெல்லம் சாப்பிடட்டும். வெளியே கிளம்பும்போது அம்மாவுக்கு என்95 மாஸ்க் மாட்டி, மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல் நீங்களே அழுத்திவிடுங்கள்.