மலையில் கலைந்தது குளவியா, தேனீயா?

அன்புள்ள சேர்,

மலையில் குளவி கலைந்து உங்கள் அம்மாவைக் கொட்டிய நாளைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் அம்மாமார் இன்றைக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள். வகுப்பு சத்தமில்லாமல் கேட்டது. வாசித்து முடித்ததும் உயிரியல் படிக்கிற ஒரு பையன் எழும்பி, "டீச்சர், இவர் எழுதியிருப்பது குளவியே இல்லை. கிளையில் திறந்தபடி தொங்கும் ஒற்றை அடை என்கிறார். அது ஏபிஸ் டோர்சாட்டா. தேனீ. பேப்பர்காரர்களும் இப்படித்தான் பிழையாக எழுதுகிறார்கள்" என்றான்.

நம் சனம் தலைமுறையாகச் சொல்லி வரும் சொல் பிழையா, சேர்? லத்தீன் பெயர் இல்லாமல் நம் தமிழிலேயே இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாதா? இதைக் கேட்க ஒரு அவசரமும் இருக்கிறது. எங்கள் பாடசாலைக்குப் பின்னால் டர்பன்டைன் மரத்தில் ஒரு கூடு கட்டியிருக்கிறது. 'கவனம், குளவிக்கூடு' என்று பலகை வைக்கச் சொல்கிறார் அதிபர். 'தேனீ' என்றுதான் எழுத வேண்டும் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

பையன் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். அடை தொங்கியது என்று எழுதிய அதே கையால் குளவி என்றும் எழுதியிருக்கிறேன். அன்று அம்மாவைக் கொட்டியது ஏபிஸ் டோர்சாட்டாதான். சிங்களத்தில் பம்பரா, தமிழ்ப் புத்தகங்களில் மலைத்தேனீ. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அது இப்போது உறுதியாகத் தெரிவதற்குக் காரணம் அம்மாவின் கழுத்து. பாட்டி விளக்கு வெளிச்சத்தில் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்த கொடுக்குகள் ஒரு தகர மூடியில் கிடந்தன. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. தோலில் மாட்டிக்கொண்டால் நஞ்சுப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். பூச்சி போன பிறகும் பை நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கொடுக்கை நகத்தாலோ கத்தி முதுகாலோ, எப்படியாவது உடனே எடுக்க வேண்டும். பாட்டி ராத்திரி வரை காத்திருந்திருக்கக் கூடாது. உண்மையான குளவி, சிங்களத்தில் தெபரா, அப்படிக் கொடுக்கை விட்டுப் போகாது. திரும்பத் திரும்பக் குத்தும். நிறையக் கொட்டு வாங்கியவரை, எது கொட்டியிருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே பெயர் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால் பையனின் திருத்தத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன்.

ஆனால் சனத்தின் சொல் பிழை என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு பூச்சியைப் பற்றித் தெரிய வேண்டியது, அது கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டுமா என்பதுதான். ஓட வேண்டியதெல்லாம் குளவி. தேன் எடுக்கக்கூடியது தேன்பூச்சி. பூச்சி நமக்கு என்ன செய்கிறது என்று பார்த்து வைத்த பெயர்கள் இவை. விஞ்ஞானப் பெயர் கேட்பது வேறு கேள்வி: இது யாருக்குச் சொந்தம்?

அந்தக் கேள்வியைப் பையன் கடைசிவரை கேட்டுப் பார்க்கட்டும், அவனுக்கே தலை சுற்றும். குளவி, தேனீ, எறும்பு எல்லாம் ஹைமனோப்டெரா என்ற ஒரே வருணம். (பூச்சிக்குக்கூடச் சாதி, வருணம் என்று நம் பாடப்புத்தகம் கலைச்சொல் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இந்தியப் புத்தகங்களில் பேரினம், வரிசை என்கிறார்கள். அது தேவலை.) சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர், சவ்வு போன்ற இறகு என்று பொருள். அதே வருணத்தில் சோஃப்ளை என்றொரு கூட்டமும் உண்டு. பெண் பூச்சியிடம் ரம்பம் மாதிரி ஓர் உறுப்பு இருக்கும், அதால் தண்டையோ இலையையோ கீறி முட்டை வைக்கும். இவற்றுக்கு ஒடுங்கிய இடை கிடையாது, கொட்டவும் கொட்டாது. இதுதான் பழைய கிளை. இதிலிருந்து பிரிந்த ஒரு வம்சத்துக்கு இடை சிறுத்தது. பிறகு அந்த வம்சத்தின் ஒரு பிரிவில் முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியது. ஆண் பூச்சி கொட்டாததன் காரணம் இதுவே.

கொடுக்குள்ள அந்தப் பிரிவுக்குள் யார் யாருக்கு நெருக்கம்? 2013க்குப் பிறகு வந்த மரபணு ஒப்பீடுகளின்படி தேனீக்கு எறும்பு பெரியம்மா பிள்ளை மாதிரி. மரத்தில் காகிதக் கூடு கட்டும் வெஸ்பா என்ற குளவி தூரத்துச் சொந்தம். தேனீயே, பூச்சி வேட்டையாடிய ஒரு குளவிக் கூட்டத்துக்குள்ளிருந்து வந்ததுதான். இறைச்சியை விட்டு மகரந்தத்துக்கு மாறிய குளவி என்று சொன்னால் தப்பில்லை. இப்போது 'குளவி' என்ற சொல்லுக்கு விஞ்ஞானத்தில் என்ன பொருள் மிஞ்சுகிறது? இடை சிறுத்தவற்றில் தேனீயையும் எறும்பையும் கழித்தால் மீதி. அது ஒரு குடும்பமே இல்லை. சொந்தம் பார்த்தால் தேனீயையும் குளவிக்குள் அடக்கத்தான் வேண்டும். நம் கொழுந்துக்காரிகள் அதைத்தானே செய்திருக்கிறார்கள்? அவர்கள் மரபணு பார்த்துச் செய்யவில்லை என்பது வாஸ்தவம்தான்.

சனம் பெயர் வைக்கும் முறையில் எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. நம்மைக் கொட்டாததற்கு அது பெயரே வைப்பதில்லை. இந்த வருணத்தில் இதுவரை பெயரிட்டவை ஒன்றரை இலட்சம் இனங்களுக்கு மேல். அவற்றில் பெரும்பங்கு, மற்றப் பூச்சியின் உடம்பில் முட்டையிட்டு வளரும் சின்னஞ்சிறு குளவிகள். தேயிலை இலையை ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் புழு ஒரு காலத்தில் தோட்டங்களைப் பாடாய்ப்படுத்தியது. அதற்கு 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் சாதிப் பெயர் ஹோமோனா. குளவிக்கு மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்று அந்தப் புழுவை வைத்தே பெயர் அமைந்தது. அது புழுவை அடக்கியது. பிறகு தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்தபோது குளவி செத்தது, சுருட்டுப்புழு திரும்பப் பெருகியது. நம் பாட்டிமார் பறித்த கொழுந்தைக் காத்த அந்தப் பூச்சிக்கு லயத்தில் ஒரு பெயர் இல்லை.

தமிழில் பெயர் வைக்க முடியாதா என்று கேட்டீர்கள். தாராளமாக வைக்கலாம், வைத்தும் இருக்கிறோம். சங்கப் பாட்டில் தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று எத்தனை! வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டுகளில் 'குளவி' என்று வந்தால் பெரும்பாலும் மலையில் பூக்கும் காட்டுமல்லிகை. சொல் நகர்ந்துகொண்டே இருக்கும். லத்தீன் பெயரை நகரக்கூடாது என்று ஆணி அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐரோப்பியத் தேனீக்கு 1758இல் 'தேன் சுமப்பது' என்ற பொருளில் மெல்லிஃபெரா என்று வைத்தார் லின்னேயஸ். தேனைச் சுமப்பதில்லை, ஆக்குகிறது என்று தோன்றி, 1761இல் மெல்லிஃபிகா என்று மாற்றப் பார்த்தார். செல்லவில்லை. முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி, வைத்தவருக்கும் விலக்கில்லை. ஏபிஸ் டோர்சாட்டா, அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ் 1793இல் வைத்தது. சிங்களப் பிள்ளை பம்பரா என்றாலும், நம் பிள்ளை குளவி என்றாலும், இரண்டு பேரும் ஒரே பூச்சியைத்தான் சொல்கிறார்கள் என்று காட்ட அது உதவுகிறது.

இனி உங்கள் பலகை. அதிபர் சொன்னபடி 'குளவிக்கூடு' என்றே எழுதுங்கள். 'தேனீ' என்று எழுதினால் ஆறாம் வகுப்புப் பொடியன்கள் தேனுக்காகக் கல்லோடு வருவார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் வந்திருப்போம். கீழே சின்ன எழுத்தில் விஞ்ஞானப் பெயரை உங்கள் பையன் எழுதட்டும். ஆனால் எழுதுமுன் எது என்று பார்த்துவிட்டு எழுதட்டும், புத்தகத்தை நம்பி வேண்டாம். வகுப்பு ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி, முடிந்தால் தூரக்கண்ணாடியில். கூடு சாம்பல் நிறக் காகிதப் பந்து மாதிரி மூடியிருந்தால் வெஸ்பா. ஒற்றை அடையைப் பூச்சிகளே போர்வையாக மூடியிருந்தால் அவன் சொன்ன டோர்சாட்டா. அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். வெஸ்பா ஒன்று அடைக்குக் கிட்ட வந்தால், அத்தனை பூச்சியும் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கும். அடை முழுக்க அலை ஓடுகிற மாதிரி இருக்கும். நம் 'குளவி' அசல் குளவியை விரட்டுகிற விதம் அது. அவன் கண்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.