வெளியிலிருந்து அலுவலக மெயில் பார்க்க 143-ஆம் போர்ட்டைத் திறந்தால் போதுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் சொந்த மெயில் சர்வர், கிள்ளானில் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆறேழு பேர். ரவுட்டரில் 143-ஐ, அதாவது மெயில் படிக்கும் ஐமேப்பின் பழைய வாசலைத் திறந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்ங்க. டிஎல்எஸ் என்ற மறையாக்கம் கட்டாயமில்லாத 143-இல், மாமாக் கடை வைஃபையில் தே தாரிக்கோடு ஒருவர் மெயில் திறந்தால் கடவுச்சொல் ஒட்டாத கவர் மாதிரிதான் போகும்.

டிஎல்எஸ்ஸோடு மெயில் வாங்க 993, அனுப்ப 465. வெளி மெயில் வந்துசேர 25 திறந்தே இருக்கட்டும். அதில் பயனர் லாகினை மட்டும் அடைத்துவிடுங்கள்.

ஆறேழு பேர்தானே, நானாக இருந்தால் 993, 465-ஐக்கூட வெளியே காட்டமாட்டேன். வயர்கார்டு என்ற விபிஎன் (அலுவலகத்துக்கு மறையாக்கப்பட்ட தனிவழி) போட்டு, 25-ஐத் தவிர அதன் யூடிபி 51820 போர்ட்டை மட்டும் திறப்பேன். சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. கைப்பேசிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று என்று தனித்தனிச் சாவி கொடுங்கள். எல்ஆர்டி ரயிலில் போனைத் தொலைத்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கலாம்.

டிஎல்எஸ்ஸுக்குச் சர்வரில் ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், ஆயுள் அதிகபட்சம் 90 நாள். எனக்கு ஒருமுறை அது தானாகப் புதுப்பித்துக்கொண்டது, மெயில் சர்வர் மென்பொருளான டவ்காட்டோ பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. திங்கள் காலை எல்லார் போனிலும் எச்சரிக்கை! புதுப்பித்ததும் டவ்காட்டை ரீலோட் செய்ய ஒரு வரி சேர்த்துவையுங்கள்.