85,000 கட்டி டேட்டா சயின்ஸ் படிக்கவா, 14,000 சம்பளத்துல சப்போர்ட் வேலைக்குப் போகவா?

கேள்வி: அக்கா, நான் திருமங்கலம். மதுரையில ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டேன், 71 பர்சன்ட், அரியர் இல்ல. கேம்பஸ்ல ஒண்ணும் செட் ஆகல. காளவாசல் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஆறு மாச டேட்டா சயின்ஸ் கோர்ஸ், 85,000 ஃபீஸ், நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க, அம்மா நகைய அடகு வைக்கலாம்ங்கிறாங்க. இன்னொரு பக்கம் மதுரையிலயே நைட் ஷிப்ட் டெக்னிக்கல் சப்போர்ட் வேலை வந்திருக்கு, மாசம் 14,000. பெங்களூருல ஃபிரெண்டு ரூம் இருக்கு, அங்க வந்து தேடுன்னு கூப்பிடுறான். மாமா சைபர் செக்யூரிட்டி படிங்கிறாரு. ஏஐ வந்து எல்லா வேலையும் போயிரும்னு வேற சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?

பதில்: தம்பி, முதல்ல நகைய பெட்டிக்குள்ளயே வைக்கச் சொல்லுங்க, மத்ததை நிதானமா பேசுவோம்.

டேட்டா சயின்ஸ் மோசமான துறைன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தப் பேருல வர்ற வேலைக்கு கம்பெனிக்காரங்க யாரைத் தேடுறாங்கன்னு ஒரு நாள் உக்காந்து ஜாப் சைட்ல பாருங்க, பெரும்பாலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல, மேத்ஸ்ல எம்எஸ்சி, எம்டெக் முடிச்சவங்க, இல்லைனா ரெண்டு மூணு வருஷம் டேட்டா வேலையிலயே இருந்தவங்கன்னு போட்டிருக்கும். ஆறு மாசக் கோர்ஸ் முடிச்ச ஃபிரெஷருக்கு அந்த வாசல் ரொம்பச் சின்னது. கோர்ஸ் முடிச்ச பசங்களோட ரெஸ்யூமே, வேலைக்கு ஆள் எடுக்குற எங்ககிட்ட வரும்போது எல்லாத்துலயும் ஒரே மூணு புராஜெக்ட்தான் இருக்கும், டைட்டானிக் கப்பல்ல யார் பொழச்சா, வீட்டு விலை எவ்வளவு, ஐரிஸ் பூ எந்த வகை. பேரை மறைச்சுட்டா யாரு ரெஸ்யூமேன்னே தெரியாது.

நீங்க படிப்போட பேரை வச்சு துறைய எடுக்கப் பாக்குறீங்க. அந்த வேலையில காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்வாங்கங்கிறதை வச்சு எடுங்க. டேட்டா வேலைன்னா என்னன்னு காட்டுறேன் பாருங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டோட ரெண்டு வருஷ மல்லிப்பூ விலை ஒரு எக்ஸெல் ஷீட்ல உங்க கைக்கு வருதுன்னு வைங்க. ஒருத்தர் மல்லின்னு அடிச்சிருப்பாரு, இன்னொருத்தர் மல்லிகை, இன்னொருத்தர் மதுர மல்லி, கம்ப்யூட்டருக்கு அது மூணும் மூணு வேற பூ. தேதிய ஒரு ஆளு நாள் முதல்ல போட்டிருப்பாரு, இன்னொரு ஆளு மாசம் முதல்ல போட்டிருப்பாரு, அப்ப 03-04ன்னு இருந்தா அது ஏப்ரல் மூணா மார்ச் நாலா? சில வரியில கிலோ விலை, சில வரியில கால் கிலோ விலை. இதெல்லாம் சரி பண்ணிக்கிட்டே வந்தா, நடுவுல ஒரு நாள் கிலோ 600, மறுநாள் 2,800ன்னு நிக்கும். டைப்பிங் மிஸ்டேக்குன்னு அந்த வரிய தூக்கிப் போடலாமா? பனிக்காலத்துல பூ வரத்து கொறைஞ்சு போகும், அந்த நேரத்துல முகூர்த்தம் வந்துச்சுன்னா விலை அப்படித்தான் எகிறும்னு தெரிஞ்ச ஆளு தூக்க மாட்டான். பஞ்சாங்கத்தை எடுத்து முகூர்த்த நாளை அந்த ஷீட்ல இன்னொரு பத்தியா (காலம்) சேத்துப் பாப்பான். டேட்டா வேலையில பாதி நாள் இப்படித்தான் போகும், மாடல் போடுறது, ஏஐ எல்லாம் அதுக்குப் பெறகு. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எரிச்சலா வந்துச்சா, இல்ல அந்த ஷீட்டை குடுங்க பாப்போம்னு இருந்துச்சா? எரிச்சல்னா 85,000 கட்டியும் பிரயோஜனம் இல்ல. பிடிச்சிருந்தாலும் கட்ட வேணாம், ஏன்னா இதுக்கு மொதல்ல வேண்டியது டேட்டாபேஸ்ல இருந்து தகவலைக் கேட்டு எடுக்குற எஸ்கியூஎல், அப்புறம் எக்ஸெல், கொஞ்சம் பைதான், அது எல்லாம் காசில்லாமலே கத்துக்கலாம்.

ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ், பைதான், ஜாவா எல்லாம் சின்னச் சின்ன வீடியோவா, தமிழ்லயே குரல் குடுத்து வச்சிருக்காங்க. இம்புட்டு வருஷமா கெடக்கு, நம்ம பசங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. ஐஐடிங்க எல்லாம் சேந்து நடத்துற என்பிடெல் ஆன்லைன் தளத்துல கோர்ஸ் ஃப்ரீ, சர்டிபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்குக் காசு. டேட்டா சயின்ஸ்தான் நெசமா வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன்ல பிஎஸ் டிகிரியே நடத்துறாங்க, ஜேஇஇ வேணாம், நாலு வாரம் படிச்சு தகுதிப் பரீட்சை பாஸ் பண்ணா உள்ள போகலாம், குடும்ப வருமானம் கம்மின்னா ஃபீஸ்ல பெரிய சலுகை உண்டு. ஆனா அதுல வர்ற மேத்ஸ் பிழிஞ்சு எடுத்துரும், விளையாட்டா சேராதீங்க. வீட்டுல உக்காந்து படிக்க எடம் இல்லைனா நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023ல தொறந்தது, திருமங்கலத்துல இருந்து தூரந்தான், வாரம் ரெண்டு நாள் போயிட்டு வாங்க.

இனி அந்த இன்ஸ்டிட்யூட். நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு வாயில சொல்றாங்க, அவங்க குடுக்குற ஃபார்ம்ல என்ன எழுதிருக்குன்னு படிச்சுப் பாருங்க, உங்க ரெஸ்யூமேவ நாலு கம்பெனிக்கு அனுப்பி வைப்போம்ங்கிற அளவுலதான் பெரும்பாலும் இருக்கும். போன பேட்ச்ல சேந்த அம்புட்டுப் பேர்ல எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனில வேலை கிடைச்சுச்சு, ரெண்டு பேர் நம்பர் குடுங்க நானே பேசிக்கிறேன்னு கேளுங்க. செவுத்துல ஒட்டியிருக்க போட்டோவ காட்டுனா எந்திரிச்சு வந்துருங்க. ஃபீஸுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி தனியா கேப்பாங்களா, பில்லு தருவாங்களான்னும் கேளுங்க, 85,000ங்கிறது ஒரு லட்சமாகிரும். ஈஎம்ஐல கட்டலாம் தம்பின்னு ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க, அது இன்ஸ்டிட்யூட் ஈஎம்ஐ இல்ல, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேருல குடுக்குற லோன், பிடிக்கலைன்னு நடுவுல நின்னாலும் தவணை நிக்காது, கட்டலைனா சிபில் ஸ்கோர் போயிரும்.

இன்னொரு ஆபத்து, சில எடத்துல ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்க மாதிரி பொய்யா போட்டுத் தாரோம்னு சொல்லுவாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. இப்ப கம்பெனிகள் வேலைக்கு எடுக்கும்போது யூஏஎன்ங்கிற பிஎஃப் நம்பரை வச்சு எங்க எத்தனை மாசம் வேலை பாத்தோம்னு சரிபாக்குறாங்க, மாட்டுனா சேந்த பெறகும் வெளிய அனுப்பிருவாங்க, அந்த விஷயம் கூடவே ஒட்டிக்கிட்டு வரும்.

மாமா சொல்ற சைபர் செக்யூரிட்டிக்கு வர்றேன். நல்ல துறைதான், மாமா சொன்னதுல தப்பில்ல, ஆனா வரிசை மாறிப் போச்சு. ஒரு வீட்டுக்கு வாசல் எங்க, ஜன்னல் எங்கன்னு தெரியாதவனை காவலுக்கு வச்சா என்ன பாப்பான்? நெட்வொர்க் எப்படி ஓடுது, ஒருத்தர் லாகின் பண்ணும்போது பின்னாடி என்ன நடக்குது, லினக்ஸ்ல நடந்ததெல்லாம் பதிவாகுற லாக் ஃபைல் எங்க இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சாதான் செக்யூரிட்டி. அந்தத் துறையில முதல் படி வேலையே ஷிப்ட்ல உக்காந்து அலெர்ட் பாக்குறதுதான். அந்த முதல் படிக்குப் போறவங்கள்ல நெறையப் பேரு சப்போர்ட்லயோ நெட்வொர்க்லயோ கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் போறாங்க.

அதனாலதான் அந்த 14,000 வேலைய நான் லேசா நினைக்க மாட்டேன். ஆனா டெக்னிக்கல் சப்போர்ட்னு ஒரே பேருல ரெண்டு வேலை ஓடுது. ஒண்ணு, ஸ்கிரீன்ல எழுதியிருக்கதை வாசிச்சுக்கிட்டு போன்ல மன்னிப்பு கேக்குற வேலை, இங்கிலீஷ் பேச்சு நல்லா வரும், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு நெசமான சப்போர்ட். வெளிநாட்டுல ஒருத்தருக்கு, வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற விபிஎன் கனெக்ட் ஆகல, டிக்கெட்டுன்னு ஒரு புகார் வருது. உங்களுக்கு மட்டும் ஆகலையா ஆபீஸ்ல எல்லாருக்குமா, நேத்து ஓடுச்சா, பாஸ்வேர்டு மாத்துனீங்களா, வீட்டு வைஃபைலயா மொபைல் நெட்லயான்னு ஒண்ணு ஒண்ணா கேட்டு வட்டத்தை சுருக்கிக்கிட்டே போயி, கடைசியில வெப்சைட் பேரை நம்பர் முகவரியா மாத்துற டிஎன்எஸ்ல பிரச்சனைன்னு கண்டுபிடிக்கணும். இப்படி டிக்கெட்டா பாத்துப் பழகுன மூளை எந்தத் துறைக்குப் போனாலும் நிக்கும். உங்களுக்கு வந்திருக்கது எந்த வகைன்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க: வாய்ஸ் மட்டுமா, என்ன டூல் யூஸ் பண்றீங்க, டிக்கெட்டை நானே சால்வ் பண்ணுவேனா இல்ல மேல தள்ளி விடுறது மட்டுமா, ஒரு வருஷம் கழிச்சு உள்ளுக்குள்ளயே வேற டீமுக்குப் போக வழி உண்டா. ரெண்டாவது வகைன்னா சேருங்க. முதல் வகைன்னா வேணாம், அந்த நேரத்துக்கு ஒரு அப்ரண்டிஸ்ஷிப் தேடுங்க, மத்திய அரசோட நாட்ஸ் போர்ட்டல்ல டிகிரி முடிச்சவங்களுக்கு ஸ்டைபண்டோட கம்பெனிக்குள்ள போக வழி இருக்கு.

நீங்க கேக்காத ஒண்ணு டெஸ்டிங், அதாவது சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கான்னு தேடுற வேலை. பிஎஸ்சி, பிசிஏ பசங்க உள்ள போறதுக்கு இன்னும் ஓரளவு தொறந்திருக்க கதவு அது. பஸ் டிக்கெட் புக் பண்ற ஆப் ஒண்ணை எடுத்துக்கங்க, பணம் கட்டுன அடுத்த செகண்டு பேக் பட்டனை அமுக்குனா ரெண்டு டிக்கெட் விழுதா, ஓடிபி வர்றதுக்குள்ள நெட் போச்சுன்னா சீட்டு யாரு பேருல நிக்கும், இப்படியெல்லாம் குறுக்க யோசிக்கிற புத்தி இருக்கவங்களுக்கு அது தோதான வேலை. கையால கிளிக் பண்ணிப் பாக்குற டெஸ்டிங் மட்டும் தெரிஞ்சா இப்ப பத்தாது, கூட அந்த கிளிக்கை எல்லாம் தானா ஓட வைக்கிற செலினியமோ பிளேரைட்டோ, அதுக்கு ஜாவாவோ பைதானோ வேணும்.

விப்ரோ, டிசிஎஸ் மாதிரி பெரிய கம்பெனிங்க பிஎஸ்சி, பிசிஏவுக்குன்னே தனியா ஆள் எடுக்குறாங்க, விப்ரோல வேலை பாத்துக்கிட்டே எம்டெக் படிக்க வைக்கிறாங்க, வருஷக் கணக்குல ஒப்பந்தம் போடுவாங்க, அதைப் படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க. எந்த வருஷம் பாஸ் பண்ணவங்கன்னு கணக்கு இருக்கு, அதனால வெரசா. எம்சிஏ ஆசை இருந்தா டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம், 2020ல இருந்து எம்சிஏ ரெண்டு வருஷப் படிப்புதான். இலந்தைக்குளத்துலயும் வடபழஞ்சியிலயும் இருக்க அரசாங்கத்தோட எல்காட் ஐடி பார்க் கம்பெனிகளோட கேரியர்ஸ் பேஜையும் வாரம் ஒரு தடவ பாருங்க. மாட்டுத்தாவணியில டைடல் பார்க்குக்கு 2025ல அடிக்கல் நாட்டுனாங்க, அது வந்தா நல்லதுதான், அதுக்காக வீட்டுல காத்துக் கெடக்க வேணாம்.

ஏஐ பயத்துக்கு என்ன சொல்றது. சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஃபிரெஷர் பசங்ககிட்ட குடுத்த சில்லற கோடிங் வேலைகள் பல எடத்துல இப்ப அதுகிட்ட போகுது, இல்லைன்னு சொன்னா பொய். இண்டர்வியூலயும் அதனால கேள்வி மாறிருச்சு. எஸ்கியூஎல்ல ரெண்டு டேபிளைச் சேக்குற ஜாயின் எத்தனை வகைன்னு கேட்டா எல்லாரும் மனப்பாடமா ஒப்பிப்பாங்க. நான் கேக்குறது, ஒரு டேபிள்ல கடைப் பேரு இருக்கு, இன்னொரு டேபிள்ல ஆர்டர் இருக்கு, போன மாசம் ஒரு ஆர்டர் கூட போடாத கடைங்களை எடுத்துக் குடுங்க. எல்லாக் கடையையும் வச்சுக்கிட்டு ஆர்டரைச் சேக்குற லெஃப்ட் ஜாயின்தான், ஆனா போன மாசம்ங்கிற கண்டிஷனை கடைசியில வடிகட்டுற WHERE-ல போட்டா ஆர்டரே போடாத கடை எல்லாம் காணாம போயிரும், டேபிளைச் சேக்கும்போதே வர்ற ON-ல போடணும். ஏஐய வச்சு எழுதுனாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல, இதை அங்கிட்டு மாத்துனா என்ன ஆகும்னு கேட்டா சொல்லத் தெரியணும், அம்புட்டுதான்.

ஃபிரெண்டு ரூமுக்கு இப்ப போகாதீங்க. இண்டர்வியூல முதல் ரவுண்டு எல்லாம் முக்கால்வாசி ஆன்லைன்லதான் நடக்குது, நேர்ல கூப்பிட்டா தூத்துக்குடி மைசூர் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாத்தான் போகுது, ராத்திரி ஏறுனா காலைல பெங்களூரு. சும்மா போயி உக்காந்தா ஃபிரெண்டுக்கும் உங்களுக்கும் மூணாவது மாசம் சண்டைதான் வரும்.

சப்போர்ட் வேலையில சேந்தா ஒன்றரை வருஷம்னு மனசுக்குள்ள கெடு வச்சுக்கங்க. நைட் ஷிப்ட்ல தினம் ரெண்டு மணி நேரம் படிக்கிறேன்னு சபதம் எல்லாம் போடாதீங்க, தூக்கம் கெட்டு பத்து நாள்ல விட்டுருவீங்க, லீவு நாள்ல உக்காருங்க. முதல் மூணு மாசம் எஸ்கியூஎல், லினக்ஸ் மட்டும். அதுக்குள்ள அந்த மல்லிப்பூ ஷீட் மாதிரி ஒண்ணை நீங்களே உக்காந்து சரி பண்ணிப் பாருங்க, ஒரு ஆப்ல இருபது தப்பு கண்டுபிடிச்சு எப்படி வந்துச்சுன்னு எழுதிப் பாருங்க, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல லினக்ஸ் போட்டு நீங்களே ஒரு சர்வர் ஓட்டிப் பாருங்க. எதைப் பண்ணும்போது சாப்பிடக் கூப்பிட்டது காதுல விழலையோ அங்கிட்டு போங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஆஃபர் லெட்டரை ஒரு தடவ நல்லாப் பாருங்க. 14,000ங்கிறது கைக்கு வர்றதா, பிஎஃப் பிடிக்கிறதுக்கு முன்னாடியா, இத்தனை மாசம் வேலைய விடக்கூடாதுங்கிற பாண்டு எத்தனை மாசம். டெபாசிட் கேட்டாலோ ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கிறோம்னாலோ வேண்டாம்னு சொல்லிருங்க. கேப் திருமங்கலம் வரைக்கும் வருமான்னு எழுத்துல வாங்கிக்கங்க, சில கம்பெனி கேப் இத்தனை கிலோமீட்டர்தான்னு ஒரு கணக்கு வச்சிருக்கும், ராத்திரி மூணு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டா மாசச் சம்பளத்துல ஒரு பங்கு ஆட்டோவுக்கே போயிரும்.